எங்களை நாற்காலியில் உட்காரவைத்த நாள்

இருபது வருஷம் கச்சேரி கேட்டவன் என்று என்னை ஆட்களுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள். கேட்டது உண்மை. நின்றுகொண்டே கேட்டேன் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. மலாய் நாட்டிலேயே பெரியது என்று அப்போது பேர் வாங்கியிருந்த கோலாலம்பூர் சங்கீத மண்டபத்தில் நான் உள்வாசல் காவலாள். கச்சேரி முடியும்வரை கதவின் உட்புறம், முதுகைச் சுவரில் சாய்க்காமல் நிற்க வேண்டும். தாமதமாக வரும் துரைகளுக்கும் துரைசானிகளுக்கும் சத்தமில்லாமல் இடம் காட்ட வேண்டும். அந்த வெள்ளைக்காரச் சங்கீதம் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. எந்த உருப்படி எவ்வளவு நேரம் ஓடும் என்பது என் குதிகாலுக்குத்தான் தெரியும்.

அந்த வேலை எனக்கு எப்படி நிலைத்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் நாங்கள் இரண்டு பேர். இரண்டு உள்வாசல், இரண்டு ஆள். மற்ற வாசலில் நின்றவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மூன்று வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். செமினிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டு பேரையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, வளர்ந்தபின் கோலாலம்பூருக்கு நடந்தே வந்து சேர்ந்தார். கல்யாணம் இல்லை. அவரிடம் ஒரு வித்தை உண்டு: கண்ணைப் பாதி திறந்தபடி நின்றுகொண்டே தூங்குவார். கதவு அசைந்தால் விழித்து, சலாம் போட்டு, சரியான இடத்தைக் காட்டிவிட்டு மறுபடியும் தூங்கப் போய்விடுவார். ஒரு துரையும் கண்டுபிடித்ததில்லை.

அப்புறம் மண்டபத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறோம் என்றார்கள். ரப்பர் விலை விழுந்து பஞ்சம் வருவதற்கு முன்பே ஒதுக்கிய பணமாம். அதனால், தோட்டம் தோட்டமாக ஆட்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எங்கள் மண்டபத்தில் மட்டும் சாரம் ஏறியது. ஒரேயடியாக இடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பாதி பாதியாக இடித்தார்கள். மேற்குப் பக்கம் இடிக்கும்போது நாற்காலிகளையெல்லாம் கிழக்கே தூக்க வேண்டும். கிழக்கே கூரையைப் பிரித்தால் மேற்கே. மழை வந்தால் தார்ப்பாய் போட வேண்டும், வெயில் வந்தால் தார்ப்பாயை எடுத்து உலர்த்த வேண்டும். இரும்புக் கால், சிவப்பு வெல்வெட்டு மெத்தை, ஒவ்வொன்றும் பிணக் கனம். இரண்டு வருஷம் தூக்கினோம். அந்தத் தூக்கலுக்கு அவற்றை இருபது மைல் தள்ளியிருக்கும் ரவாங் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்திருக்கலாம். ஒன்றில்கூட ஒரு நிமிஷம் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்பது சட்டம்.

சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பலகை வீட்டுக்குத் திரும்பும்போது என் தலைமுடி வெள்ளையாக இருக்கும். மனைவி வாசலிலேயே தண்ணீரோடு நிற்பாள். வெளியே ஒட்டிய சுண்ணாம்பைக் கழுவிவிடலாம், உள்ளே போனதை என்ன செய்வது? எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அதே தூசியைத் தின்றுவிட்டுக் கல்லுக் குண்டாக இருந்தார். எனக்கு அவர் மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

வேலை முடிகிற தறுவாயில் மண்டபத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, எங்களைக் கூப்பிட்டார். புது மண்டபத்தில் உள்வாசல் ஒன்றுதான், ஆளும் ஒருத்தன்தான் என்றார். கச்சேரி நேரத்தில் உள்ளே நிற்பவனிடமிருந்து ஒரு சிறு சத்தம்கூட வரக் கூடாது என்று மண்டபத்து மேனேஜர் துரை சொல்லியிருக்கிறாராம். இருமுகிற ஆள் வேண்டாம் என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். எங்களில் யார் என்பது மண்டபம் முடிந்ததும் தெரியுமாம். மற்றவனுக்கு ஊருக்குப் போக இலவசக் கப்பல் சீட்டு வாங்கித் தரலாம் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, ஒனக்குப் பொண்டாட்டி இருக்கு, ரெண்டு புள்ள இருக்கு. எனக்குத் தெரியும். ஆனா எனக்கும் இந்த வேல வேணும். விட்டுக் கொடுக்கிறேன்னு என் வாயால வராது. பின்னாடி மனசுல வெச்சுக்காத."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே," என்றேன். அவர் அப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. நியாயமாகப் பார்த்தால் வேலை அவருக்குத்தான். அவருக்கு இருமல் இல்லை. எனக்கு இருந்தது. ஒரு மாசமாகக் கிராம்பையும் பனங்கற்கண்டையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கிராணி இருக்கும் பக்கமே போகாமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மண்டபம் முடிந்தபோது ஒரு கோளாறு தெரிந்தது. மேடையில் ஒருவர் பேசினால் சத்தம் சுவரில் முட்டி மோதி, அடங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு இன்ஜினியர் துரை வந்தார். காலி மண்டபத்தில் கணக்குப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, மனுஷ உடம்புதான் சத்தத்தைக் குடிக்கும், நாற்காலி முழுக்க ஆள் வேண்டும் என்றாராம். மத்தியான நேரம், துரைமார்களை எங்கே போய்த் தேடுவது? கையருகில் இருந்தவர்கள் நாங்கள்தான். கல் சுமந்த சீனப் பெண்கள், தச்சர்கள், மண் வெட்டிய தமிழாட்கள், கூட்டுகிறவர்கள் எல்லோரையும் கைகால் கழுவிவிட்டு வரச் சொல்லி, நாற்காலிகளுக்கு மேல் கோணிப்பை விரித்து உட்காரவைத்தார்கள்.

அந்த மெத்தையில் உட்கார்ந்த நிமிஷம் இன்றைக்கும் என் இடுப்பில் இருக்கிறது. இரண்டு வருஷ அலுப்பு மொத்தமும் ஒன்றாக இறங்கியது. அண்ணன் எனக்கு இடது பக்கம். "இதுல உக்காந்துகிட்டா தம்பி அவங்க பாட்டுக் கேக்கிறாங்க? எப்படி முழிச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

மேடையில் துருத்தி வைத்த ஒரு மரக்குழல் இருந்தது. துருத்தியை மிதித்தால் 'ஊ' என்று ஒரே ஒரு சுரம். சட்டென்று நிறுத்துவார்கள். சத்தம் முழுக்க அடங்கும்வரை இன்ஜினியர் காதைத் தீட்டிக்கொண்டு கையிலிருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பார். அதுவரை யாரும் அசையக் கூடாது. முதல் இரண்டு தடவை பெண்கள் சிரித்துவிட்டார்கள். கிராணி அதட்டினார். அப்புறம் ஊ, அமைதி, ஊ, அமைதி. ஐந்தாவது தடவைக்கெல்லாம் பாதி மண்டபம் தூங்கிவிட்டது. இன்ஜினியருக்கு ஆட்சேபம் இல்லை, தூங்குகிறவன் அசையமாட்டான். அண்ணனின் தாடை மார்பில் இறங்கியிருந்தது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. தொண்டையில் ஒரு அரிப்பு கிளம்பியிருந்தது. கிராம்பைக் கடித்தேன். எச்சிலை விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் கட்டியது. குழல் ஊதும்போது அதோடு சேர்த்து இருமிவிடலாம் என்று காத்திருந்தேன், குழல் நின்ற பிறகுதான் இருமல் வந்தது. ஒரே இருமல். அந்த மண்டபம் அதை வாங்கி நாலு பக்கமும் சுழற்றிக் காட்டியது.

இன்ஜினியர் துரை மேடையிலிருந்து திரும்பினார். "யார்ரா அது இருமுறது?" என்று கிராணி கத்தினார். எல்லாத் தலையும் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பியது. அந்தச் சத்தத்தில் அண்ணன் திடுக்கிட்டு விழித்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதாக நினைத்துக்கொண்டார். எழுந்து நின்று சலாம் போட்டார்.

"மன்னிக்கணும் தொரை. இனிமே வராது."

துரை கிராணியின் காதில் ஏதோ சொன்னார். கிராணி தலையாட்டினார். நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து, நான்தான் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. அப்போது என் மனசில் இருந்தது சந்தோஷம். வேறு பேர் வைத்து இப்போது யாரை ஏமாற்றப் போகிறேன்?

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவும்போது அவர் கேட்டார். "எனக்கு இருமலே இல்லையேடா. தூக்கத்துல இருமினேனா?"

"ஆமாண்ணே."

"ரொம்பச் சத்தமாவா?"

"இல்ல. லேசாத்தான்."

அந்த வாரமே அவருக்குச் சீட்டுக் கிழித்தார்கள். வேறு வேலை தேடிச் செராஸ் பக்கம் ஈயச் சுரங்கங்களில் ஏறி இறங்கினார், எங்கேயும் ஆளெடுக்கவில்லை. கடைசியில் கப்பல் சீட்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

கிள்ளான் துறைமுகம் வரை ரயிலில் கூடவே போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழி முழுக்க வாக்கியத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். படகுத் துறையில் வரிசை நின்றபோது அவரே முந்திக்கொண்டார்.

"தம்பி, ஒன்னக் கேக்காம ஒண்ணு செஞ்சிட்டேன். கப்பல் ஆபீஸ்ல எந்த ஊருன்னு கேட்டான். எனக்கு என்ன ஊரு தெரியும்? ஒன் ஊர்ப் பேரத்தான் சொன்னேன். அங்கதான் ரயிலு டிக்கெட்டு குடுத்திருக்கான். கோவிச்சுக்காத."

பையில் ஒரு காகிதத்தைத் தேடி எடுத்தேன். ஊரில் இருக்கும் என் கூடப்பிறந்த தம்பிக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தேன், வீட்டில் இவருக்கு ஒரு மூலை கொடு என்று. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வரிசை நகர்ந்துவிட்டது.

புது மண்டபம் திறந்தார்கள். எனக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை கொடுத்தார்கள். தூசி போனதும் என் இருமலும் போய்விட்டது. நாலைந்து மாசம் கழித்துத் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. ஆள் வந்து சேர்ந்தார், நல்ல மனுஷன், மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் படுத்துக்கொள்கிறார், கேட்காமலே வேலை செய்கிறார் என்று எழுதியிருந்தான். கீழே இப்படி இருந்தது: "ஒன்றுதான் விளங்கவில்லை. எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் தூங்கப் போகுமுன் வாயில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார். கேட்டால், தூக்கத்தில் இருமுவேன், குழந்தைகள் எழுந்துவிடும் என்கிறார். அவர் இருமி நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே இருமுவாரா? தெரிந்தால் எழுது."

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.