பதினேழாம் கட்டத்தில் இறந்தவள்

உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனால், அந்தப் பதில் எங்கே போகிறது என்று யோசித்ததுண்டா? எங்களிடம்தான் வருகிறது. டேட்டா என்ட்ரி என்பது முகம் தெரியாத குடும்பங்களை விரலால் தொட்டுப் பார்க்கிற தொழில். கழுத்து வலியோடு இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

நான் ஆந்திராவில் புத்தூர் பக்கத்து கிராமம். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படிப்பு, கூட ஒரு டைப்பிங் பரீட்சை, இருபத்தேழு வயசு, நாலு வயசில் ஒரு பெண். தினமும் பஸ் பிடித்து திருப்பதியில் ஒரு மாடி ஹாலுக்கு வேலைக்குப் போகிறேன். போன வருஷம் எங்களுக்கு வந்தது லெசோத்தோ. ஆப்பிரிக்காவின் தெற்கே ஒரு மலைநாடு. நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்து நிற்கிறது. ஏதோ ஒரு ஆராய்ச்சி கம்பெனி அங்கே வீடு வீடாகப் போய், யார் யார் இருக்கிறார்கள், என்ன பிழைப்பு, எத்தனை ஆடு என்று பேனாவால் எழுதிய ஃபாரங்கள், ஸ்கேன் ஆகிக் கட்டுக் கட்டாக எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும்.

ஒரே ஃபாரத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்கணும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை டிக், இல்லாவிட்டால் சிவப்பு. நானும் பக்கத்து சீட் பாக்கியமும் ஒரு ஜோடி. சிவப்பு வந்தால் தேடித் திருத்துவதற்குள் உயிர் போகும் என்று நாங்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். நான் மெதுவாக வாய்விட்டுப் படிப்பேன். இரண்டு பேரும் சேர்ந்தே அடிப்போம். எங்கள் ஜோடிக்குச் சிவப்பே வராது. சூப்பர்வைசர் முரளி சார் மற்றவர்களிடம் எங்களைக் காட்டித்தான் திட்டுவார்.

ஆண்கள் இல்லாத ஊர்

ஒருநாள் மலைமேல் ஒரு கிராமம் வந்தது. முதல் வீட்டில் மாமியார், மருமகள், குழந்தைகள். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. இருபது வீடு தாண்டியும் மீசை முளைத்த ஆள் ஒருத்தர் இல்லை. புருஷன் பேர் இருக்கும், வயசு இருக்கும். "நேற்று இரவு வீட்டில் இருந்தாரா" என்ற கட்டத்தில் மட்டும் இல்லை, இல்லை, இல்லை. படிக்கப் படிக்க என் குரல் எனக்கே ஒப்பாரி மாதிரி கேட்டது.

முரளி சாரிடம் கேட்டேன். பக்கத்து நாட்டுச் சுரங்கத்துக்குப் போயிருப்பார்கள், அந்த ஊரில் அது காலங்காலமாக நடக்கிறதுதான் என்றார். எனக்கு சமாதானம் ஆகிவிட்டது. பாக்கியத்துக்கு ஆகவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, பொம்பளைங்க எல்லாம் மலை மேல, ஆம்பளைங்க எல்லாம் மண்ணுக்குள்ளயா கீறாங்க?"

ஆள் பூஜ்யம்

ஆட்டு ரோமம் அவர்களுக்குப் பெரிய வியாபாரம். அதனால் ஆட்டுக்குத் தனிப் பக்கமே உண்டு. ஒரு ஃபாரத்தில் ஆடு நாற்பத்தாறு, ஆட்கள் பூஜ்யம். எழுதினவர் ஓரத்தில் இங்கிலீஷில் கிறுக்கியிருந்தார்: மூன்று தடவை போனேன், யாரும் இல்லை, மூன்று தடவையும் அடுப்பு சூடாக இருந்தது, பட்டியில் ஆடுகளுக்குப் புதுத் தண்ணீர் இருந்தது.

பகல் பதினொரு மணி, மேலே ஃபேன் ஓடுகிறது, கீழே பஸ் ஹாரன் அடிக்கிறது. எனக்குக் கை ரோமம் நட்டுக்கொண்டது. வீட்டைக் காலி என்று போடுவதா, ஆள் உண்டு என்று போடுவதா என்று முரளி சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் படித்தார். அவர் தமிழில் தெலுங்கு எட்டிப் பார்க்கும்.

"ஏமம்மா, ஆட்டுக்குத் தண்ணி வெச்சது யாருன்னு ஃபாரத்துல கேக்கலியே, நீ ஏன் கேக்கற?"

குடும்பத் தலைவி

தலைவர் வயசு பதினொன்று என்று அடித்தேன். கம்ப்யூட்டர் கத்தியது. நாற்பத்தொன்றாக இருக்குமோ என்று ஃபாரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொன்றுதான். கீழே இரண்டு தங்கைகள். பெரியவர்கள் எல்லாம் பதினேழாம் கட்டத்தோடு சரி. "கடந்த பன்னிரண்டு மாதத்தில் இந்த வீட்டில் யாராவது இறந்தார்களா?" ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. ஆமாம் என்றால், இறந்தவர் வீட்டு ஆட்கள் பட்டியலில் எந்த வரி என்று அடுத்த கட்டம் கேட்கும். அந்த மலைப்பக்கத்துக் கட்டு பூராவும் அங்கே ஒன்று, ஒன்று என்றே வந்துகொண்டிருந்தது. பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"க்கா, இந்தக் கட்டத்துக்கு வந்தாலே என் விரலு தானா ஒண்ணுக்குப் போவுது."

பச்சை டிக்

அதே வாரம் ஒரு ஃபாரத்தைப் பார்த்துச் சிரித்தேன். பேர் லினேயோ, வயசு இருபத்தேழு, தையல் ஃபேக்டரியில் வேலை, நாலு வயசில் ஒரு பெண். வீட்டில் அவர்கள் இரண்டே பேர். "ஏய், நானே அங்க ஒருத்தி கீறன் பாரு" என்று பாக்கியத்துக்குக் காட்டினேன். கதை பேசிக்கொண்டே அடித்து முடித்தோம். பச்சை டிக்.

மறுநாள் காலை வருகைப் பதிவு மெஷினில் கட்டைவிரல் வைத்தேன். "பதிவில் இல்லை" என்றது. துடைத்து வைத்தேன். பதிவில் இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை போயிருக்கும் என்று சொல்லிவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

சீட்டுக்கு வந்தால் மேஜைமேல் இறந்தவர் பட்டியல். அனுப்புவதற்கு முன் பிரிண்ட் எடுத்து வைப்பார்கள். ஒன்பதாவது வரியில் லினேயோ, பெண், இருபத்தேழு. பட்டியலை இரண்டு தரம் படித்தேன். முந்தின நாள் ஃபாரம் என் கண் முன்னால் நின்றது. பதினேழாம் கட்டத்தில் தெளிவாக இரண்டு. வாய் பழக்கத்தில் நான் "ஒண்ணு" என்றிருக்கிறேன். பாக்கியமும் ஒன்று அடித்திருக்கிறாள். இறந்தவர் எந்த வரி என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கும் முதல் வரி என்று சேர்ந்தே போட்டிருக்கிறோம். இரண்டும் ஒத்துப்போய்விட்டது. எங்கள் கணக்குப்படி நாலு வயசுப் பெண் அந்த வீட்டில் தனியாக நிற்கிறாள்.

சாயங்காலம் ஐந்துக்குக் கட்டு கம்பெனிக்குப் போய்விடும், அப்புறம் யாராலும் திறக்க முடியாது. சொன்னால் குறுக்கு வழி வெளியே வரும், இரண்டு பேருக்கும் வேலை போகும். பாக்கியம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அவ அங்க சோறு துன்னுக்கினு நல்லாதான கீறா. நாம எழுதினா செத்துடுவாளா?"

 காலையில் பதிவில் இல்லாமல் போன என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு எழுந்து போய் முரளி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டைத் திரும்பத் திறந்தார்.

"அஞ்சுக்குப் போகாதுன்னு நான் மேல சொல்லிக்கறேன். உங்க வேலை இருக்கா இல்லையான்னு திங்கக்கிழமை பேசலாம். இப்ப ஆளுக்கொரு மூலையில உக்காந்து மொத ஃபாரத்துலேர்ந்து அடிங்க, வாயைத் திறக்கக் கூடாது."

ஹாலின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள். மறுநாள் மத்தியானம் லினேயோ வந்தாள். இரண்டு என்று அடித்தேன். பச்சை வருகிற வரைக்கும் அடுத்த ஃபாரத்தைத் தொடவில்லை. ஒருத்தியைச் சாகடிக்க ஒரு விரல் போதுமாயிருந்தது, பிழைக்கவைக்க ஒரு கட்டு ஃபாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு அடிக்க வேண்டியிருந்தது, இதுதான் எங்கள் தொழிலின் லட்சணம். அப்போது அந்த மூலையிலிருந்து பாக்கியத்தின் குரல், முரளி சார் இருப்பதையும் பார்க்காமல்:

"க்கா, இங்க ஒரு சத்தமும் இல்ல, நானு கீறனா இல்லியான்னே தெரில. அப்பப்போ என் பேரைச் சொல்லிக் கூப்டுக்கா."