வாடையே இல்லாத தணல்

ஆலங்குடியில் குளிரா என்று சிரிக்காதீர்கள். நானும் அப்படிச் சிரித்துக்கொண்டுதான் போன வாரம் பஸ் ஏறினேன். இறங்கும்போது நசநசவென்று கார்த்திகை மழை. ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது.

தங்கை சாந்தியின் மகள் கௌசல்யா தலைப்பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தாள். குழந்தையைப் பார்க்கத்தான் போனேன்.

சாந்தி வாசலிலேயே நிறுத்தினாள். "காலைத் தொடச்சுட்டு வாக்கா. ஈரத்தோட உள்ள போகாத. ரூமை நல்லா கதகதன்னு வச்சிருக்கேன்."

குரலில் அவ்வளவு பெருமை. இருக்காதா? சுவரெல்லாம் ஓதம். குழந்தையின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. பச்சைப்பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமோ என்ற பயம் வேறு. அதனால் ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழைய சேலையைக் கிழித்துச் செருகியிருந்தாள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையில் ஒரு தலையணை. கதவுக்கு அடியில் சாக்கு. அறை நடுவே ஓர் இரும்புச் சட்டி நிறையக் கொட்டாங்கச்சித் தணல். அதற்கு மேலே கொடி கட்டி, வரிசையாகக் குழந்தைத் துணிகள்.

"புகை வராதா?" என்று கேட்டேன்.

"நான் என்ன கூறுகெட்டவளா? கொல்லையில வச்சு பொகை பூரா போகவிட்டு, கங்கு செவந்தப்பறந்தான் உள்ள கொண்டாந்தேன். மோந்து பாரு... பொகை வாடையே இருக்காது."

உண்மைதான். வாடையே இல்லை. எனக்கே அங்கேயே சுருண்டு படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கௌசல்யா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "காலையிலேர்ந்து தலைவலிங்குறா. சாப்ட்டதையும் வாந்தி எடுத்துட்டா. பிள்ள பெத்த ஒடம்புல்ல, தூங்கட்டும்" என்றாள் சாந்தி. "ஆனா குட்டி தங்கம்க்கா. மத்தியானத்துலேர்ந்து அழுகையே இல்ல."

"பாலுக்குக்கூடவா?"

சாந்தி குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினேன். முகம் சுளிக்கக்கூட இல்லை. கௌசல்யாவைப் பிடித்து உலுக்கினேன். "பெரியம்மா..." என்று எழுந்து நிற்கப் பார்த்தவள் அப்படியே சரிந்தாள். என்ன நடக்கிறதென்று அப்போதும் புரியவில்லை. இந்த அறையைவிட்டு எல்லாரும் வெளியே போக வேண்டும் — அது மட்டும் புரிந்தது.

கதவைத் திறந்து கத்தினேன். எதிர்வீட்டுச் செல்வராணி ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஆட்டோ. நல்லவேளை, மழைக்குச் சவாரி போகாமல் வீட்டில் இருந்தார். நானும் சாந்தியும் கௌசல்யாவைத் தூக்கி ஏற்ற, செல்வராணிதான் குழந்தையை மடியில் ஏந்திக்கொண்டாள். சாரல் முகத்தில் அடித்தது. யாருக்கும் பிள்ளையைப் போர்த்தத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் குழந்தை சன்னமாக ஓர் அழுகை அழுதது பாருங்கள்... சாந்தி ஓவென்று கதறிவிட்டாள்.

இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். "ரூமுக்குள்ள தணல் வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பொகையே இல்லாமத்தான் மேடம்..." என்று ஆரம்பித்தாள் சாந்தி.

"புகை இருந்திருந்தா இருமிக்கிட்டு வெளிய ஓடி வந்திருப்பாங்கம்மா! கங்குலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..."

அவர் குழந்தையின் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்யத் திரும்பினார்.

சாந்தி யார் தெரியுமா? எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். எரிகிற மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடி, அது அணைவதை வருஷாவருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள். அவளுக்கா தெரியாது? தெரியும். ஆனால் படிப்பெல்லாம் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் நாம் பாசத்தை மட்டும்தான் அழைத்து வருகிறோம். அது வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்துகிறது.

தாயும் பிள்ளையும் தேறி வீடு வந்துவிட்டார்கள். கௌசல்யாவுக்கு இப்போது ஸ்வெட்டர், சாக்ஸ், காதுக்கு ஸ்கார்ஃப். ஜன்னல் திறந்திருக்கிறது. குழந்தைத் துணியெல்லாம் ஹாலில் ஃபேன் காற்றில் காய்கிறது.

நான் ஊருக்குக் கிளம்பும்போது செல்வராணி வந்தாள். அன்றைக்கு ஆட்டோவில் தன் மடியில் பிள்ளை துவண்டு கிடந்ததை நெஞ்சில் கை வைத்துச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பிறகு சாந்தியிடம் திரும்பிக் கொஞ்சம் தயங்கினாள்.

"டீச்சர்... ஒங்களுக்கு இனிமே அந்த இரும்புச் சட்டி தேவப்படாதுல்ல? எங்க மகளுக்குத் தை மாசந்தான் தேதி குடுத்துருக்காங்க. நாங்க கதவை லேசாத் தொறந்து வச்சுக்குறோம்."

நான்தான் அவளை உட்கார வைத்து, கதவு திறந்திருந்தாலும் கூடாது என்று முதலிலிருந்து விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

இருந்தாலும் அந்தச் சட்டியைத் தூக்கி என் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.