நாலு வளையல் தூரம்

போன செவ்வாய்க்கிழமை காலை மறைமலை நகர் ஸ்டேஷனில், நகரும் மின்சார ரயிலோடு ஒரு நடுத்தர வயது ஆசாமி ஒற்றைச் செருப்போடு ஓடியதை உங்களில் யாராவது பார்த்திருக்கலாம். நான்தான்.

மகளிர் பெட்டி ஜன்னலோரம் என் மகள் கயல். அவள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் அது. இறங்கவில்லை. என்னைப் பார்த்தாள். ரயில் போய்விட்டது.

கயலுக்கு இருபத்தொரு வயது. ஆட்டிசம் உண்டு. கூட்டமும் இரைச்சலும் சேர்ந்தால் அவளுக்குப் பேச்சு நின்றுவிடும். யாரிடமும் வழி கேட்க முடியாது. போர்டைப் படிக்கலாம் என்றால், காலை நேர ரயிலில் போர்டு எங்கே தெரிகிறது? செல்போன் அலறினாலோ காதைப் பொத்திக்கொள்வாள்.

எனவே நானும் என் மனைவியும் சேர்ந்து ஒரு கருவி கண்டுபிடித்தோம் — ரப்பர் வளையல். கண்ணாடி வளையல் சத்தம் போடும், அவளுக்கு ஆகாது. ஊரப்பாக்கத்தில் ஏறும்போது இடது கையில் நாலு கறுப்பு வளையல். ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் ஒன்றை வலது கைக்கு மாற்ற வேண்டும். இடது கை காலியானால் இறங்க வேண்டும். இவ்வளவுதான் டெக்னாலஜி.

மறைமலை நகரில் ஒரு பேக்கிங் யூனிட்டில் வேலை கிடைத்திருக்கிறது. தனியாக வந்து போவதானால் மட்டும் வரட்டும் என்றுவிட்டார்கள். என் ஆபீஸோ எதிர்த்திசையில், தாம்பரம் பக்கம். இது தவறினால் மறுபடி வீட்டுக்குள்தான். அன்று முதல் நாள். மனசு கேட்காமல் பக்கத்துப் பெட்டியில் நானும் ஏறியிருந்தேன்.

ஆட்டோ பிடித்தேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கியிருப்பாளா? செங்கல்பட்டுக்கே போய்விட்டால்? அங்கே வேறு ரயிலில் ஏறிவிட்டால்..? “இன்னா சார், பேஜாரா கீற?” என்றார் டிரைவர். “சீக்கிரம் போப்பா” என்றேன். பயம், வெறும் பயம்.

சிங்கபெருமாள் கோவில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா.

“கோச்சுக்காத அண்ணாத்த. கடைசி வளையலையும் அந்தக் கைக்கு மாத்திகினு எழுந்துச்சு. வயசுப் பொண்ணு, ஒரு கை மொட்டையா கீதேன்னு என் கையில கெடந்த பச்ச பிளாஸ்டிக் வளையல கழட்டிப் போட்டு வுட்டேன். டக்குனு உக்காந்துகிச்சு. நீ ஓடியாந்ததப் பாத்துதான் எனக்கே திக்குனு ஆச்சு. அதான் கூடவே எறங்கிட்டேன்.”

கயலின் இடது கை காலியாகவில்லையே. எப்படி இறங்குவாள்? அடுத்த ஸ்டேஷனில் அந்தப் பச்சை வளையலையும் முறையாக மாற்றிவிட்டு இறங்கியிருக்கிறாள்.

நாங்கள் எல்லாவற்றையும் யோசித்தோம். சிக்னலில் ரயில் நின்றால், மழை பெய்தால், தூங்கிப்போனால்... ஆனால் பெண் பிள்ளையின் வெறுங்கையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத ஊர் இது என்பதை மறந்துவிட்டோம். பாசத்துக்கு எந்தக் கருவியில் இடம் வைப்பது?

வளையலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். போட்டு விட்டதை வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டார் அந்த அம்மா. இப்போது அது இடது கையில் நிரந்தரம். கறுப்பு நாலு மட்டும் நகரும்.

மறுநாளும் பக்கத்துப் பெட்டியில் ஏறக் கிளம்பினேன். வீட்டு வாசலிலேயே கயல் கூப்பிட்டாள்.

“நேத்து ஒரு வளையல் முன்னாடியே இறங்கிட்டீங்கப்பா. இன்னிக்கு பாத்து இறங்குங்க.”