நெத்திலி கரை ஒதுங்கிய கதை

போன மாதம் பத்திரிகைத் தொழிலைப் புதுப்பிப்பதற்காக மாமல்லபுரம் போயிருந்தேன். சிரிக்காதீர்கள்! நான் மட்டுமில்லை. செய்தியாளர்கள், இணையதளம் நடத்துகிறவர்கள், 'ஊடகம் மாற வேண்டும்' என்று வருஷக்கணக்காக மேடை ஏறுகிறவர்கள் என்று ஒரு ஹால் நிறைய இருந்தோம். கடலோரத்தில் ரிசார்ட். சில்லென்று ஏசி. சுவர் முழுக்க சார்ட் பேப்பர், அதில் கலர் கலராகச் சீட்டுகள்.

காலை அமர்வின் தலைப்பு – 'வாசகரின் நம்பிக்கையை மீட்பது எப்படி?' நன்றாகவே பேசினார்கள். எனக்கே ஓரிடத்தில் கண் கலங்கிவிட்டது. அப்புறம் டீ பிரேக்.

வினையே அந்த டீயில்தான் ஆரம்பித்தது.

என் நண்பன் பாஸ்கரனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூடுவாஞ்சேரியில் வீடு, சென்னையில் ஒரு செய்தித் தளத்துக்கு ஆசிரியர். தங்கமான மனுஷன், ஆனால் கை சும்மா இருக்காது. டீக்கோப்பையோடு மூன்றாம் மாடி பால்கனியில் நின்றவன், மணலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பரவிக் கிடப்பதைப் பார்த்தான். ஜூம் பண்ணி ஒரு போட்டோ. மாநாட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'மீன் செத்து ஒதுங்கியிருக்கு போல...' என்று எழுதினான். அவ்வளவுதான்.

ஒரு தளம் 'மாமல்லபுரம் அருகே கரை ஒதுங்கிய மீன்கள்' என்றது. அடுத்தது 'மர்மமான முறையில்' என்று சேர்த்துக்கொண்டது. மூன்றாமவர் கொஞ்சம் பொறுப்பானவர் – 'மீன் சாப்பிடலாமா?' என்று கேள்வியாகக் கேட்டு நிறுத்திக்கொண்டார். இதில் விசேஷம், மூவரும் ஒரே தட்டிலிருந்து வடை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்கரன் போனைப் பார்த்துவிட்டுத் துள்ளினான். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல! மூணு சைட்ல வந்துடுச்சு. கன்ஃபர்ம்!" உடனே ஆபீசுக்குப் போன் போட்டு, தன் தளத்திலும் ஏற்றச் சொன்னான்.

தன்னுடைய சந்தேகமே ஒரு சுற்று சுற்றிவிட்டுச் செய்தியாகத் திரும்பி வந்திருக்கிறது என்று அவனுக்கு உறைக்கவில்லை. எனக்கு மட்டும் உறைத்ததா? 'அடப் பாவமே' என்று சொல்லிவிட்டு நானும் வடையை எடுத்தேன். படியிறங்கினால் கடல். ஒருவருக்கும் இறங்கத் தோன்றவில்லை!

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டில் ஒரே சத்தம். பக்கத்துக் குப்பத்து லட்சுமி, கருவாடு போடுகிறவர், செக்யூரிட்டியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தார். கையில் போன். அதில் பாஸ்கரன் எடுத்த படம். படத்தின் ஓரத்தில் ரிசார்ட்டின் மஞ்சள் குடை.

"இந்த மாடிலேர்ந்து போட்டோ புடிச்சது யாரு? வெயில்ல காயப் போட்டுக்கிற என் நெத்திலிய செத்த மீனுன்னு போட்டுக்கீறீங்களே... ஆமா, செத்த மீனுதான்! உயிரோட இன்னாத்த காய வெப்பாங்க?"

நியாயமான கேள்வி.

திருப்போரூர் கடைக்காரர் ஒருவர்தான் லட்சுமியிடம் வழக்கமாகக் கருவாடு எடுப்பவர். சரக்கு ஏற்றக் கிளம்பி வந்தவர், செய்தியைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிட்டாராம். "செத்து ஒதுங்கினத வாரி காய வெச்சிட்டியான்னு கேக்குறாரு. இன்னிக்கு அவரு எடுக்கலைன்னா இனிமே எவன் எங்கிட்ட வாங்குவான்?" கோபத்தில் ஆரம்பித்த குரல் கடைசியில் உடைந்தது.

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் தொழிலில் என்ன செய்வோம் தெரியுமா? சத்தம் போடாமல் செய்தியைத் தூக்கிவிடுவோம். போட்டதற்குத் தடயமே இருக்காது. வடைத் தட்டுக்காரர்களில் ஒருவர் அதைத்தான் சொன்னார். பாஸ்கரன் முகம் சிவந்துவிட்டது.

"தூக்கினா அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? அவர் நம்பர் குடுங்கம்மா."

ஸ்பீக்கரில் போட்டான். "அண்ணே, வணக்கம். அந்த மீன் நியூஸ் போட்டவன் நான்தான். தப்பு என்னோடது. அது நல்ல நெத்திலி."

எதிர்முனையில் ஒரு சிரிப்பு.

"யார்கிட்ட காது குத்துற? எந்தப் பேப்பர்காரன்யா போன் பண்ணி தப்புன்னு ஒத்துக்குவான்? லட்சுமி, ஆளு செட்டப் பண்ணிகினு பேசுறியா?"

கட்!

பொய்யை ஒரே நொடியில் நம்பியவர், உண்மையை நம்பத் தயாராக இல்லை. காலையில் அத்தனை சீட்டில் எழுதி ஒட்டிய பிரச்சினை, ஒரே போனில் நேரிலேயே வந்து நின்றது.

பாஸ்கரன் விடவில்லை. கடற்கரைக்கு இறங்கி வீடியோ காலில் கடைக்காரரைப் பிடித்தான். முகத்தைக் காட்டினான், அடையாள அட்டையைக் காட்டினான், மொறுமொறுவென்று காய்ந்திருந்த நெத்திலியை அள்ளிக் காட்டினான். மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். செய்தி போட்ட அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில், 'நாங்கள் தவறாக எழுதினோம்' என்று நான்கு தளங்களும் திருத்தம் போட்டன. மாநாட்டின் மதிய அமர்வு இப்படியாக மணலில் நடந்தது. தலையெல்லாம் வேர்வை, துணியெல்லாம் கருவாட்டு வாசம். ஆனால் காலையைவிட எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

வெயில் தாழ்ந்தபோது வண்டி வந்தது. கடைக்காரர் இறங்கி முதலில் நெத்திலியைப் பார்க்கவில்லை. பாஸ்கரனைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"நெசமாவே பேப்பர்தானா நீ?"

சரக்கு மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டார். லட்சுமி அப்போதுதான் உட்கார்ந்தார். போகும்போது கடைக்காரர் பாஸ்கரன் நம்பரைப் போனில் பதிந்துகொண்டார்.

அதிலிருந்து பாஸ்கரனுக்குத் தினமும் அவரிடமிருந்து ஏதாவது ஃபார்வர்டு வருகிறதாம். கீழே ஒரே கேள்வி – 'சார், இது நெசமா?' ஆரம்பத்தில் அலுத்துக்கொண்டவன், இப்போது வரவில்லை என்றால் தேடுகிறான்.

நேற்று எனக்குப் போன் பண்ணினான். "ஞாயித்துக்கிழமை திருப்போரூர் வரியா?"

"எதுக்குப்பா?"

"பஸ் ஸ்டாண்டை வேற இடத்துக்கு மாத்திட்டதா ஒரு ஃபார்வர்டு. அண்ணன் கேக்குறாரு."

"அவர் கடையே திருப்போரூர்லதானே இருக்கு? எட்டிப் பார்த்தா தெரியாதா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நீ வந்து பாத்துச் சொல்லு சார், அப்பதான் நம்புவேன்'ங்கறாரு!"