முன்னால் வந்து நின்றேன்

திருப்பதி ஆஸ்பத்திரி வாசலில் என் ஆட்டோவில் ஏறிய அந்த உயரமான பெண், நாட்டுக்காகக் கிரிக்கெட்டில் பந்தும் வீசி மட்டையும் பிடித்தவர். டிவியில் பார்த்திருக்கிறேன். வலது தோளை அழுத்திக்கொண்டே வந்தவர், திருச்சானூர் வழியில் காலி மைதானத்தைக் கண்டதும் நிறுத்தச் சொல்லி, பையிலிருந்து பந்தை எடுத்தார்.

“ஆபரேஷன் ஆனதுலேர்ந்து பந்து போடலண்ணா. நாளைக்கு செலக்ஷன். பேட்டிங் மட்டும்னா எடுக்கமாட்டாங்க. அங்க நின்னுக்கினு புடிங்க.”

கூச்சத்தோடு போய் நின்றேன். இரண்டு பந்துகள் என்னிடம் வராமல் பாதியிலேயே நின்றுவிட்டன. மூன்றாவதுக்கு அவர் திரும்பி நடந்தபோது, சத்தமில்லாமல் ஆறேழு அடி முன்னால் வந்துவிட்டேன். பந்து கைக்கு வந்தது.

“வந்துட்ச்சிம்மா!” என்றேன்.

“நாளைக்கு யாரும் முன்னால வந்து நிக்கமாட்டாங்கண்ணா. பின்னால போங்க,” என்று பந்துக்காகக் கை நீட்டினார்.

பந்தை அவரிடம் எறிந்துவிட்டு, ஓரடி மட்டும் பின்னால் போனேன்.