தன் வகுப்புக்கு ஆள் சேர்க்காத டீச்சர்

வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே பேசுவது ரேணுகா டீச்சருக்குப் பழக்கம். எதிரே ஒரு மாணவி ஜாக்கெட் அளவுக்குக் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். டீச்சர் அவள் தோள்பட்டையில் துணியை மடித்து ஊசி குத்தியபடி, பல்லிடுக்கில் கேட்கிறார்: "ஏன்டி, இந்த ஊசி காந்தத்துல ஒட்டுது. என் வளையலு ஒட்ட மாட்டேங்குது. ரெண்டும் உலோகந்தானே?" அந்தப் பெண் விழிக்கிறாள். "எனக்கும் தெரியாது. வா, பாத்துடலாம்." ஜாக்கெட் பாதியில் நின்றுவிடும். விரித்த கையோடு அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். அங்கே இருக்கும் வாத்தியார் நான். ஊசி குத்திய துணியோடு ஒருத்தியும் ஊசி கடித்த வாயோடு இன்னொருத்தியும் வாசலில் நின்றால் என்ன செய்ய முடியும்? பேசாமல் காந்தத்தை எடுத்துக் கொடுப்பேன்.

மரக்காணத்தில் எங்கள் மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் அவர் தையல் ஆசிரியை. நாற்பதை ஒட்டிய வயது. பிறந்தது வானூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில், வாழ்க்கைப்பட்டது கூனிமேட்டில். தினமும் பஸ்ஸில் வருகிறார். கழுத்தில் தாலிச்சரடுக்கு மேலே அளவு டேப் தொங்கும். பஸ்ஸிலும் தொங்கும், கல்யாண வீட்டிலும் தொங்கும். அது துணியை அளப்பதைவிட மற்றதை அளப்பதுதான் அதிகம். கொடிக்கம்பத்தின் நிழல், வாதாம் இலை, தூங்குகிற நாயின் வால் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

சுனாமி அடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். உப்பளத்துக்குப் பக்கத்தில் பஸ் பழுதாகி நின்றது. எல்லோரும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் இறங்கிப் போய் உப்பு அம்பாரங்களை அளக்க ஆரம்பித்தார். குறுக்கே ஒரு அளவு, சாய்வில் ஒரு அளவு. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்த அதிகாரி என்று நினைத்து உப்பளத்துப் பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். "எங்க பாத்தியையும் அளந்து எழுதிக்கம்மா" என்று ஒருத்தி கையைப் பிடித்துவிட்டாள். "நான் ஆபீசர் இல்லம்மா, தையல் டீச்சர். பெரிய அம்பாரமும் சின்ன அம்பாரமும் ஒரே சாய்வுல நிக்குதே, அது ஏன்னு பாக்கறேன்" என்றார் இவர். அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. மறுநாள் காலையில் அந்தச் சாய்வைப் பற்றி என்னிடம் கேட்டார். குவித்து வைக்கிற எந்தப் பொடிக்கும் இத்தனைக்கு மேல் சரிவு தாங்காது என்று ஒரு கோணம் உண்டு, அதை இன்ஜினியர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். பரிசுச் சீட்டு விழுந்தவர் மாதிரி முகம் மலர்ந்து, "இதுக்குன்னே படிப்பு இருக்குதா சார்?" என்றார்.

அவரும் பிளஸ் டூவில் கணக்குப் படித்தவர்தான். அதற்கு மேல், பொண்ணுக்குத் தையல் போதும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இதைக் கண்ணீர்க் கதையாகச் சொல்லத் தெரியாது அவருக்கு. "அப்ப உட்டதை இப்பப் புடிக்கிறேன், அவ்ளோதான்."

இப்போது அவருடைய பெரிய கிறுக்குக்கு வருகிறேன். பிளஸ் ஒன்னில் கணக்கும் அறிவியலும் படிக்கிற முதல் குரூப்தான் இன்ஜினியரிங்குக்கு வாசல். எங்கள் பள்ளியில் அது பையன்களின் வகுப்பு. சட்டம் ஒன்றும் கிடையாது, வழக்கம்தான். பெண்களை வரலாற்று குரூப்பில் போடுவார்கள், இல்லாவிட்டால் தையலில் போடுவார்கள். எல்லா ஆசிரியர்களும் தங்கள் பிரிவுக்குப் பிள்ளை பிடிக்கிற மே, ஜூன் மாதங்களில், ரேணுகா டீச்சர் வீடு வீடாகப் போய்த் தன் பிரிவிலிருந்து பிள்ளைகளை விரட்டுகிறார். "என் கிளாஸுக்கு வராதடி. தையல் எப்ப வேணா கத்துக்கலாம், சனிக்கிழமை வா, சும்மாவே சொல்லித் தரேன். போய் ஃபர்ஸ்ட் குரூப் கேளு."

தலைமையாசிரியர் சிவப்பிரகாசம் நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த மனிதர். என் எதிரிலேயே டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க கிளாஸ்ல ஆள் கொறைஞ்சா உங்க போஸ்ட் சர்ப்ளஸ் ஆயிடும்மா. எங்கியாவது மலைப்பக்கம் தூக்கிப் போட்டுடுவாங்க."

"மலையிலயும் பொண்ணுங்க இருக்கும்ல சார்" என்றார் டீச்சர்.

வாய்தான் அப்படி. கூனிமேட்டில் கணவருக்கு வலைக்கடை, வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். மாற்றல் வந்தால் அந்தக் குடும்பம் இரண்டாகிவிடும். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவரே சொன்னார்: "பயமாத்தான் சார் இருக்குது. பயந்துகிட்டே செய்ய வேண்டியதுதான்." எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

சுனாமி அடித்த அந்தக் கல்வி ஆண்டில், நான் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பே, அறிவியல் கண்காட்சிப் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியர் இல்லை. சிவப்பிரகாசம் சார் யோசித்துப் பார்த்தார். கண்காட்சி என்றால் தெர்மாகோல் வெட்ட வேண்டும், கலர் பேப்பர் ஒட்ட வேண்டும். அது கைவேலைதானே? தூக்கித் தையலுக்குக் கொடுத்துவிட்டார்.

டீச்சர் தெர்மாகோலைத் தொடவேயில்லை. பத்தாம் வகுப்பு தமிழ்நிலா ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அவள் அப்பா கலியமூர்த்தி உப்பளத்தில் உப்பு வாருகிறவர், அம்மா கொளஞ்சியம்மாள் உப்புப் பாக்கெட் கட்டும் கொட்டகையில் வேலை. "பாத்தியில தண்ணி வத்தினா உப்பு மட்டும் நிக்குது டீச்சர். தண்ணி எங்க போவுது? அதைப் புடிக்க முடியாதா?" சுற்றிலும் தண்ணீர் நிற்கிற உப்பளத்துக்குக் குடிக்கக் குடத்தில் தண்ணீர் சுமக்கிற வீட்டுப் பெண் கேட்கக்கூடிய கேள்விதான். டீச்சர் தன் வழக்கமான பதிலைச் சொன்னார். தெரியாது, பாத்துடலாம்.

நிவாரண மூட்டைகளைச் சுற்றி வந்த கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கைச் சேர்த்தார்கள். கறுப்பு மை பூசிய ஒரு தட்டில் உப்பளத்துத் தண்ணீர். அதன் மேல் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன வீடு. வெயிலில் ஆவியாகிற தண்ணீர் கூரையில் பட்டு, வழிந்து, ஓரத்துக் குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்க வேண்டும். அந்த வீட்டை டீச்சர் மெஷினில் உட்கார்ந்து தைத்தார். என்ன தையல் என்கிறீர்கள், மாப்பிள்ளைச் சட்டைக்குக்கூட அப்படி வராது. மைதானத்தில் வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மதியம் ஆயிற்று. கூரைக்குள் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது. ஆனால் பாட்டில் காலி. தையல் போட்ட இடமெல்லாம் வெளியே ஈரம்.

டீச்சர் குனிந்து தையல் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை தைக்கிறது. தைக்கிறதுன்னா ஓட்டை போடறதுன்னு இன்னிக்குத்தான்டி தெரிஞ்சிது."

பிள்ளைகளும் சிரித்தார்கள். தமிழ்நிலா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது ஒரு மெழுகுவர்த்தியும் துருப்பிடித்த ஆக்சா பிளேடும் கொண்டுவந்தாள். அவள் அம்மா கொட்டகையில் உப்புப் பாக்கெட்டை எப்படி மூடுகிறாளோ, அப்படியே பிளாஸ்டிக்கின் இரண்டு ஓரங்களையும் பிளேடில் சேர்த்துப் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரில் ஒரே இழுப்பாக இழுத்தாள். ஓரம் உருகி ஒட்டிக்கொண்டது. டீச்சர் தான் தைத்ததையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தார். தன் கைவேலையை அத்தனை சந்தோஷமாக வெட்டி எறிந்த ஒரு தையல்காரரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் பாட்டிலில் தண்ணீர் இறங்கியது. ஆளுக்கு ஒரு வாய். "உப்பே இல்ல டீச்சர்" என்று ஒருத்தி சொன்னதும் அவர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினார். அங்கிருந்து ஆய்வகம், அங்கிருந்து சத்துணவுக் கூடம். எதிர்ப்பட்டவர் வாயிலெல்லாம் ஊற்றினார். நானும் குடித்தேன். பிளாஸ்டிக் வாடை அடித்தது, அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. விழுப்புரம் கண்காட்சியில் நடுவர் விளக்கம் கேட்டபோது, "இவளைக் கேளுங்க சார், நான் தையல்" என்று தமிழ்நிலாவை முன்னால் தள்ளிவிட்டார். இரண்டாம் பரிசு. திரும்பி வரும்போது திண்டிவனம் வரைக்கும் அந்த பஸ்ஸில் வேறு யாரும் பேச முடியவில்லை.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. ஜூன் மாதம் சேர்க்கை தொடங்கியதும் பார்த்தால், பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள் அத்தனை பேரும் தையல் அறை வாசலில் நிற்கிறார்கள். ரேணுகா டீச்சர் இருக்கிற இடத்தில்தான் இருப்போம் என்கிறார்கள். பாவம், விரட்ட விரட்டக் கூட்டம் சேர்ந்தது.

தமிழ்நிலாவைக் கூட்டிக்கொண்டு கலியமூர்த்தியும் வந்தார். கணக்கிலும் அறிவியலிலும் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் அவள்தான். "பாப்பாவை உங்க கிளாஸ்லயே போட்டுடுங்க டீச்சர். உங்களை மாதிரி வரணும்னு சொல்லுது."

டீச்சர் அவரை விட்டுவிட்டுப் பெண்ணைக் கேட்டார். "உனக்கு இன்னா வேணும்?"

"உங்ககூட இருக்கணும் டீச்சர்."

"நான் கேட்டது அது இல்ல. அன்னிக்கு ஒரு பாட்டில் தண்ணி எடுத்தியே, ஒரு உப்பளத்துக்கே எடுக்கணுமா, வேணாமா?"

"எடுக்கணும்."

"அதுக்கு என் ரூமுல வழி இல்ல. அந்த ரூமுலதான் இருக்குது." மைதானத்துக்கு எதிரே இருக்கிற முதல் குரூப் வகுப்பைக் கையால் காட்டினார்.

கலியமூர்த்தி தலையைச் சொறிந்தார். "படிக்க வேணாம்னு நான் சொல்லலீங்க. அத்தினி பசங்க நடுவுல ஒத்தப் பொண்ணு எப்பிடிங்க உக்காரும்? பெஞ்சுல பக்கத்துல ஒரு தொணை வேணாமா? இன்னொரு பொண்ணு சேரட்டும், நானும் சேக்கறேன்."

நியாயம்தான். டீச்சர் அன்று மத்தியானமே வெயிலில் கிளம்பி மற்றப் பெண்களின் வீடுகளுக்குப் போனார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "மொதல்ல கலியமூர்த்தி பொண்ணு சேரட்டுங்க டீச்சர், அப்பறம் பாக்கலாம்." ஒரு வீடு இன்னொரு வீட்டைப் பார்த்து நிற்கிறது. இந்த ஊரில் எந்தக் காரியமும் இப்படித்தான் நிற்கும். சாயங்காலம் பள்ளிக்குத் திரும்பி வந்தபோது அவர் முகம் வெயிலில் கறுத்திருந்தது. கண் கலங்கியிருந்ததா, உப்புக்காற்றா என்று தெரியவில்லை. அங்கிருந்து நேராகக் கலியமூர்த்தி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார்: "இன்னொருத்தி வர்றா. திங்கக்கிழமை பாப்பாவை அந்தக் கிளாஸ்ல கொண்டாந்து உடுங்க."

யார் அந்த இன்னொருத்தி என்று நான் கேட்டேன். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திக்கொண்டிருந்தார். அவர் வகுப்பு வாசலில் நின்ற பெண்களும், தமிழ்நிலா எங்கே போகிறாள் பார்க்கலாம் என்று காத்திருந்தார்கள். அவள் போனால் மற்றவர்களும் போவார்கள். போனால் தையல் வகுப்பு காலி, டீச்சருக்கு மலைப்பக்கம். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கு பிளஸ் ஒன் முதல் குரூப். வராந்தாவில் கலியமூர்த்தி நின்றிருந்தார். உப்பளத்துக்குப் போகிற கைலியோடு வந்தவர், ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து வழிவிட்டார், ஆனால் போகவில்லை. சொன்னபடி இன்னொருத்தி வந்தாளா என்று பார்க்க வந்திருக்கிறார். பொய் சொல்லி ஒரு தகப்பனை ஏமாற்றிவிட்டாரே இந்த அம்மாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்புக்குள் நுழைந்தேன். பையன்கள் வழக்கம்போல பெஞ்சும் டெஸ்கும் உரச எழுந்து நின்றார்கள். முன் பெஞ்சில் தமிழ்நிலா எழுந்தாள். அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த ரேணுகா டீச்சரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, கையைக் கட்டி, "வணக்கம் சார்" என்றார். நான் உட்காரச் சொல்லும்வரை அவர் உட்காரவில்லை.