வீடு போய்ச் சேர்வதற்குள்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் புளி விற்கும் பெண்கள் குழு அன்றாட விலையைப் பார்க்க ஒரு செயலி எழுதினேன். நுழைவதற்கு எங்கள் சர்வரே ஒரு டோக்கன் கொடுக்கும்; அது காலாவதியாகும்வரை செயலி ஆளை நினைவில் வைத்திருக்கும். பாதுகாப்பை நினைத்து ஒரு மணி நேரம் ஆயுள் வைத்தேன்.

"வூட்டுல தொறந்தா மட்டும் யாருன்னு கேக்குதுங்க பாய்," என்றார் குழுத் தலைவி செல்விக்கா. பஸ் நிற்கும் மேட்டில் ஒழுங்காகத்தான் திறந்தது. காரணம் தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருடனேயே நடந்தேன். மேடு இறங்கியதும் சிக்னல் போனது. சாமைக் கொல்லை, ஓடை, மறுபடி ஏற்றம். நான் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதெல்லாம் அவர் காத்திருந்தார். அவர் வீட்டை அடைய ஒன்றரை மணி நேரம் ஆனது.

வாசலில் வியாபாரி தராசோடு நின்றிருந்தார். "அந்த வெலய காட்டும்மா, பாக்கலாம்."

செல்விக்கா போனைத் திறந்தார். மறுபடியும் உள்நுழையச் சொன்னது திரை. மேட்டில் பார்த்த விலை போனுக்குள்ளேயே இருந்தது; ஆனால் சிக்னல் இல்லாமல் உள்நுழைய முடியாது.

"மேட்டுல பேரு சொல்லிட்டுத்தான வந்தேன். வூடு வந்து சேர்றதுக்குள்ள மறந்துடுச்சா?" கோபமே இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வியாபாரி சொன்ன விலைக்கே புளி எடைக்குப் போனது.

அன்றே டோக்கனின் ஆயுளை ஒரு புளிப் பருவமாக மாற்றினேன். இன்றும் எந்தச் செயலி எழுதினாலும் டோக்கனின் ஆயுளைக் குறிக்கும் வரியில் கை நின்றுவிடுகிறது. இதைத் திறப்பவரின் வீடு எவ்வளவு தூரம்?